சாம்பல் நிறத்தில் இரண்டு புடவை

கறுப்பாகப் பிறந்தவளுக்கு எந்தச் சாம்பல் நிறம் எடுப்பாக இருக்கும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நின்ற இடத்திலேயே பதில் சொல்வேன். வெளிறிய சாம்பல் கூடாது. முகம் கருகினாற்போல் தெரியும். பழுப்பு கலந்தது கூடாது. தோலும் துணியும் ஒன்றாகி, குளிக்காதவள் மாதிரி ஆகிவிடும். அடர்ந்த சாம்பல் வேண்டும், அதற்குள் கொஞ்சம் நீலம் ஓட வேண்டும், கழுத்தோரம் வெள்ளை ரவிக்கை தெரிய வேண்டும். துணியை வெயிலிலும் பார்க்கக் கூடாது, விளக்கிலும் பார்க்கக் கூடாது. கடை வாசல் நிழலில், முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் எனக்கு அத்துப்படி. ஆனால் இதைக் கற்றுக்கொண்ட அந்த நாலு மாதத்தில் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், பத்தொன்பது வயது முடிவதற்குள், கணவர் விஷ ஜுரத்தில் போய்விட்டார். எங்கள் தென்கலைப் பிரிவில் விதவைக்குத் தலையை மழிக்கும் வழக்கம் இல்லை. அந்த மட்டில் தப்பித்தேன். மற்றதெல்லாம் உண்டு. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கை. கண்ணாடி பார்ப்பதில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே வருவதில்லை. வாசலில் யாராவது கிளம்பும் சத்தம் கேட்டால் நானாகவே உள்ளே போய்விடுவேன். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்பா யாரிடமும் உரக்கப் பேசாதவர். அவர் ஆயுசில் செய்த ஒரே துணிச்சலான காரியம் என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியதுதான். அதையும் தன் அண்ணாவிடம் பாதி சொல்லி, பாதி சொல்லாமல் செய்தார். அந்த அண்ணா, அதாவது என் பெரியப்பா, வீட்டின் முன்கட்டில் இருந்தார். நாங்கள் பின்கட்டில். முன்கட்டைத் தாண்டாமல் தெருவுக்குப் போக வழி கிடையாது. பயிற்சி முடிந்ததும் திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு கிடைத்தது. தற்காலிக வேலைதான். யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால் என்று நினைவு. முதல் நாள் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இது நிலைக்க வேண்டுமே, நிலைக்க வேண்டுமே என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன். நிலைக்காவிட்டால் பின்கட்டுதான், சாகிறவரைக்கும்.

குழந்தைகளால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களால் வந்தது. காலையில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் நின்று குழந்தைகளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். நான் வெள்ளைப் புடவையில் நிற்பேன். அவர்கள் பத்தடி முன்னாலேயே குழந்தையின் கையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சிலர் தரையைப் பார்த்தபடியே வந்து தரையைப் பார்த்தபடியே போவார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு குழந்தைகள் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவை எடுக்கும்போது பெயர்களை இரண்டு தரம் எண்ணுவேன்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கறார் ஆசாமி என்று பெயரெடுத்தவர். ஆனால் என்னிடம் தணிந்துதான் பேசினார்.

"உக்காருங்க. உங்க பாடத்துல ஒரு குறையும் இல்ல. பிள்ளைங்க உங்க மேல உசிரா இருக்குங்க. ஆனா அம்மாமாருங்க, காலங்காத்தால உங்களைப் பாத்துட்டுப் போக வேண்டியிருக்குன்னு சொல்றாங்க."

நான் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான் அப்படி நினைக்கிறவ இல்ல. ஆனா விஜயதசமிக்குத்தான் ஒண்ணாங் கிளாஸுக்குப் பிள்ளைங்க வந்து சேரும். அன்னிக்கு ஆள் வரலேன்னா இந்த இடத்தையே எடுத்துடுவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வெள்ளையை மட்டும் விட்டுடுங்களேன். கலர் கட்டச் சொல்லல. ஏதாவது நடுவுல பாருங்க."

வெள்ளைக்கும் வர்ணத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் எதிரே இருந்தவர்களின் துணிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். காவி நடுவில் இல்லை. மஞ்சள் மங்களம். இளநீலம்கூட யாராவது கண்ணில் பட்டால் போதும், மறுநாள் வீதி முழுக்கப் பேச்சாகிவிடும். மாம்பழச் சாலையில் பஸ் நின்றபோது ஒரு கிழவர் கசங்கிய சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினார். அவரை நான் முறைத்துப் பார்த்த பார்வையில் அவர் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். கடைசியில் அம்மாதான் முன்கட்டுக்குப் போய்க் கதவோரம் நின்று பேச்சை ஆரம்பித்தாள். நான் நடையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளை பஸ் புழுதியில ஒரு நாள் தாங்க மாட்டேங்கறது. அழுக்குத் தெரியாம, சாம்பல் மாதிரி ஏதாவது ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமான்னு..."

பெரியப்பா வாசித்துக்கொண்டிருந்ததை மூடும் சத்தம் கேட்டது. "சாம்பலா? நம்மாத்துலயா? பட்டை போட்டுக்கறவா ஆத்துலன்னா சாம்பல்!"

எனக்கு உயிரே போய்விட்டது. விதவை வர்ணம் கட்டலாமா என்பதல்ல அவருடைய கவலை. அது விபூதி நிறம், சைவாளுடையது என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல அம்மாவால் முடியாது என்று நினைத்தேன். ஆனால் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்போ எலி நிறம்னு வெச்சுக்கலாம்."

பெரியப்பா மூடினதை மறுபடி பிரித்துக்கொண்டார். பிறகு, "எலி நிறம்னா சரி. அது ஒரு நிறத்துலயே சேத்தி இல்லை" என்றார்.

மறுநாளே அம்மாவும் நானும் திருச்சிக்குப் போனோம். இங்கேதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். அதை நினைத்து இன்றைக்குச் சிரிக்கிறேன், ஆனால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. என் வயசில் ஒரு விதவை கடையில் உட்கார்ந்து துணி பொறுக்குவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? ஆகையால் நான் கடைக்கு வெளியே தூணோரமாகத் தெருவைப் பார்த்து நின்று ஓரக்கண்ணால் மட்டும் உள்ளே பார்த்தேன். அம்மா உள்ளே போய்த் தனக்கு வாங்குவதுபோல் வாங்கினாள். ஒவ்வொரு துணியாக எடுத்துத் தன் தோளில் போட்டு, தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். கடைக்காரர் "மாமிக்கு இதுதான் எடுப்பா இருக்கு" என்றார். அம்மாவும் ஆமாம் என்றாள். வரும்போது அவள் முகம் சந்தோஷமாகவே இருந்தது.

அம்மா நல்ல சிவப்பு. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

வீட்டுக்கு வந்து பிரித்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. மெல்லிய, வெளிறிய சாம்பல். என்னிடம் கண்ணாடி இல்லை; என் கையைத் துணிமேல் வைத்துப் பார்த்தேன். சாம்பலில் கிடக்கும் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அம்மா தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள்.

"எனக்கு நன்னா இருந்துதே" என்றாள். அப்புறம் சமையலுள்ளுக்குப் போய்விட்டாள். அவள் அழுதது மகளுக்காகவா, கடையில் கண்ணாடி முன்னால் அந்தக் கால் மணி நேரம் மகளை மறந்துபோனதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

இருந்தாலும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் "ஜுரமா? வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். வாசலில் அம்மாக்கள் பழையபடி தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி போகும்போது இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "முன்னாடி வெள்ளையாவது பளிச்சுனு இருந்துச்சு. இப்ப அழுக்கு வேற." அந்த வாரத்தில் இன்னொரு குழந்தை நின்றுவிட்டது. நவராத்திரிக்கு ஆறு வாரம் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸுக்குப் போகாமல் பெரிய கடை வீதிக்குத் திரும்பினேன். எனக்கே நம்ப முடியவில்லை. பிறவியிலேயே பயந்தாங்கொள்ளியான நான், தனியாக, கையில் முதல் சம்பளத்தின் மிச்சத்தோடு நடந்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்து ஜனங்கள் போகாத கடையாகப் பார்த்து ஒரு சாயபுவின் கடையில் ஏறினேன். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி. வேறு ஆட்கள் இல்லை.

"வாங்கம்மா. யாருக்குப் பாக்கணும்?"

"அக்காவுக்கு" என்றேன். எனக்கு அக்காவே கிடையாது. "சாம்பல் நிறம். கரை இல்லாம, இல்லேன்னா கண்ணுக்குத் தெரியாத கரையா."

"அக்கா என்ன நிறம்?"

"என் நிறம்தான். அப்படியே என் நிறம்."

அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வேறு எதுவும் இல்லை; வியாபாரம் மட்டும்தான் இருந்தது. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஏழெட்டுப் புடவைகளை இழுத்துப் போட்டார். நான் கையை நீட்டி ஒன்றை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன்.

"மடியில வெச்சா ஒண்ணும் தெரியாதும்மா. முகத்துக்கிட்டப் பிடிங்க. இங்க விளக்கு வெளிச்சத்துல வேணாம், வாசப்பக்கம் வாங்க."

வாசப்பக்கம் என்றால் தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் போனேன். அவர் ஒன்றொன்றாக நீட்ட, நான் கழுத்தோரம் பிடித்தேன். பழுப்பு ஓடினதைப் பார்த்து "சேறு" என்று தள்ளினார். வெளிறினதைப் பார்த்து, நான் கட்டியிருந்த அந்தப் புடவையையும் ஒரு பார்வை பார்த்து, நாசூக்காக, "இது மாதிரி எடுத்துடாதீங்க. யாரு எடுத்துக் குடுத்தாங்களோ, அவங்க நிறத்துக்கு எடுத்திருக்காங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் அடியிலிருந்து ஒன்றை உருவினார். மழை வருவதற்கு முன்னால் மலைக்கோட்டைக்குப் பின்னால் வானம் இருக்குமே, அந்த நிறம்.

"கண்ணாடியில பாருங்க."

"அக்காவுக்குத்தானே. நான் எதுக்குப் பாக்கணும்?"

"அக்கா இங்க இல்லியேம்மா. இப்ப நீங்கதான் அக்கா."

பார்த்தேன். மூன்று வருடமாக நான் என் முகத்தைப் பார்த்ததில்லை. பித்தளைக் குடத்தில், கிணற்றில், கோணல்மாணலாகத்தான். கண்ணாடியில் இருந்தவளுக்குக் கண் பளிச்சென்று இருந்தது. பல் வெளுப்பாக இருந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது, ஆனால் அது குறையாகத் தெரியவில்லை. அழகாயிருக்கிறேன் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு மீதியைக்கூட எண்ணாமல் இறங்கி ஓடினேன்.

அம்மாவிடம் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. பின்கட்டில் கட்டிக் காட்டினேன். அவள் கிட்ட வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப நன்னா இருக்குடி."

அதைத் தண்டனை சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கிசுகிசுத்தாள். "வேண்டாம்டி. அவுத்துடு. இதோட நீ முன்கட்டைத் தாண்டினா, பெரியப்பா நாளைக்கே வேலையை விடுன்னுடுவார். அது மோசமா இருந்ததுனாலதான் அவர் பேசாம இருக்கார், புரியறதா?"

புரிந்தது. ஸ்ரீரங்கத்துக்கு நான் அசிங்கமாக இருக்க வேண்டும், திருச்சிக்கு அப்படி இருக்கக் கூடாது. நடுவில் ஒரு காவிரி. ஆகவே வெளிறிய புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினேன். நல்ல புடவையைப் பள்ளிக்கூடத்தில், தேசப்படங்கள் சுருட்டி வைத்திருக்கும் அறையில் ஒளித்து வைத்தேன். மற்றவர்கள் வருவதற்கு அரைமணி முன்னால் போய், கதவைத் தாழிட்டு மாற்றிக்கொள்வேன். சாயந்திரம் மறுபடி மாற்றிக்கொள்வேன். தாழ்ப்பாள் ஆடும், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கொசுவம் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு அம்மா, தினமும் பத்தடி தள்ளியே குழந்தையின் கையை விடுகிறவள், என் எதிரே வந்து நின்றாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

"புது டீச்சருங்களா? அந்த வெள்ளைச் சேலை டீச்சர் போயிட்டாங்களா?"

நான் குழந்தையின் கையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சுங்க. காலையில பிள்ளையக் கொண்டாந்து விட்டுட்டுப் போனா அன்னிக்குப் பூரா மனசே சரியில்லாம இருந்துச்சு. பாவம், அந்தம்மா நல்லவங்கதான்னு எம்பொண்ணு சொல்லும். ஆனாலும் பாருங்க..." என்று இழுத்தாள். பிறகு என் வெறும் நெற்றியைப் பார்த்து, "நீங்க வேதக்காரங்களா?" என்றாள்.

திருச்சியில் வேதக்கார டீச்சர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நிறைய உண்டு. பொட்டு இல்லாமல், நகை இல்லாமல், மடிப்புக் கலையாத புடவை கட்டி, குடையோடு நடப்பார்கள். அவர்களுடைய வெறும் நெற்றியைப் பார்த்து யாரும் அஞ்சுவதில்லை. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பகல் முழுவதும் எனக்கு ஒரே ஒரு யோசனைதான். ஏழு வாரம் தினமும் அவர்கள் எதிரே நின்றிருக்கிறேன். ஒருத்திகூட என் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். அவர்கள் பார்த்ததெல்லாம் புடவையைத்தான். அதற்கு மேலே கண்ணை உயர்த்த அவர்களுக்குப் பயம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரப்படும் வசதி எனக்கு இல்லை. விஷயம் குழந்தைகளுக்குத் தெரியும், ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியைக்கும் தெரியும். "நீங்க ஒண்ணும் சொல்லலியே. அவங்களா நினைச்சுக்கிட்டா நாம என்ன பண்றது" என்று ரிஜிஸ்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

நின்றுபோன குழந்தைகளில் இரண்டு திரும்பி வந்தன. எனக்கோ பயம் இரட்டிப்பாயிற்று. தெருக்கோடியில் மடிசார் கட்டிய யார் வந்தாலும் வகுப்புக்குள் ஓடினேன். பேச்சில் 'நன்னா' வந்துவிடக் கூடாது, 'ஆத்துல' வந்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டே பேசினேன். ஒரு தரம் பழக்கத்தில் ஒரு குழந்தையிடம் "போய்த் தீர்த்தம் குடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீடுகளில் தண்ணீரை அப்படித்தான் சொல்வோம். அதன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளோ, "உங்க மாதா கோயில்ல மந்திரிச்ச தண்ணி வெச்சிருக்கீங்களா டீச்சர்? எம்பிள்ளைக்கும் குடுங்க, பல்லு வலிக்குதுங்குது" என்றாள். சாயந்திரம் வீட்டில் பெருமாள் முன்னால் உட்கார்ந்து, உன்னை நான் இல்லையென்று சொல்லவில்லை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் நிம்மதியும் இல்லை.

விஜயதசமி வந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் புதுக் குழந்தைகளை உட்கார வைத்து, தட்டில் அரிசியைப் பரப்பி, டீச்சர் குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்க வேண்டும். கூடத்தில் இரண்டு பாய் போட்டிருந்தார்கள். ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, காலில் மெட்டியோடு. இன்னொன்றில் நான், அடர்ந்த சாம்பல் நிறத்தில். யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். என் பாயை யாரும் மிதிக்காவிட்டால் மறுநாள் முதல் எனக்குப் பின்கட்டு.

வந்தார்கள். என்னிடம்தான் வந்தார்கள். 'வேதக்கார டீச்சர் சொல்லிக்குடுத்தா பிள்ளைங்க கெட்டியா படிக்கும்' என்று அந்தத் தெருக்களில் பேச்சாகியிருந்தது. வரிசை கூடத்தைத் தாண்டி வாசல்வரை நின்றது. சின்னச் சின்ன விரல்கள், சில ஈரமாக, சில எண்ணெய் மணக்க. ஒவ்வொன்றாகப் பிடித்து அரிசியில் எழுதவைத்தேன். மூன்று வருடமாக எந்த நல்ல காரியத்திலும் கை வைக்காதவள் நான். முதல் நாலைந்து குழந்தைக்கு விரல் நுனியை மட்டும் பிடித்தேன். பிறகு கையை முழுதாகப் பற்றிக்கொண்டேன்.

அப்போது நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக எங்கள் வீதிக்காரி ஒருத்தி, பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையோடு நின்றாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். காவிரியில் சேர்ந்து குளித்திருக்கிறோம். என் கல்யாணத்தில் ஊஞ்சலில் பாடினவள். என் கணவர் போனபோது துக்கம் கேட்க வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதவள். அவள் கணவனுக்கு மாற்றலாகி அவர்கள் திருச்சிக்குக் குடிவந்தது எனக்குத் தெரியாது.

மற்றவர்கள் புடவையைப் பார்த்தார்கள் என்றேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து கண் புடவைக்கு இறங்கியது, மறுபடி முகத்துக்கு ஏறியது.

ஒரு வார்த்தை போதும். "அடியே, நீயா?" என்றால் போதும். வரிசை முழுக்கக் கலைந்துவிடும். அதுவரைக்கும் நான் தொட்ட குழந்தைகளின் விரலை அவர்கள் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். என் கையிலிருந்த குழந்தை எழுத்தைக் கோணலாக இழுத்தது. நான்தான் இழுத்தேன். அடுத்த குழந்தை வந்தது, போனது. அவள் முறை வந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "கிட்டப் போங்கம்மா. இந்த டீச்சர் வேதக்காரங்க, நல்ல கை" என்று உற்சாகமாக அவளைத் தள்ளினாள்.

"அப்படியா" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே. அவள் கண் கலங்கியிருந்தது. குழந்தை பாயில் உட்காரப் போயிற்று. அவள் அதன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், எங்காத்து வழக்கம் கொஞ்சம் வேற. நாங்க அந்த டீச்சர்கிட்டயே எழுத வெச்சுக்கறோம். தப்பா நெனைச்சுக்காதீங்கோ."

பிறந்ததிலிருந்து என்னை 'டீ' போட்டுக் கூப்பிட்டவள். என்னைக் காப்பாற்றத்தான் அந்த மரியாதை என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு குங்குமக்கார டீச்சரின் பாய்க்குப் போனாள். பின்னால் நின்றவள் சிரித்தாள். "ஐயங்கார் வீட்டம்மா. வேதக்காரங்ககிட்ட விடுவாங்களா?" என்று சொல்லிவிட்டுத் தன் மகனை என் முன்னால் உட்கார வைத்தாள். நான் அவன் விரலைப் பிடித்தேன். அந்தப் பாயில் அவள் குழந்தை எழுதி முடிக்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை, போகும்போதும் திரும்பவில்லை. அந்த ரகசியத்தை அவள் யாரிடமும், ஸ்ரீரங்கத்திலும்கூட, கடைசிவரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் தலைமையாசிரியை பெயர்களை எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "இனிமே உங்க இடத்தை யாரும் அசைக்க முடியாது. பயப்படாம வீட்டுக்குப் போங்க" என்றார். தேசப்பட அறையில் புடவையை மாற்றும்போது, சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா பின்கட்டு வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டுவிட்டாள். கையைக் கூப்பிக் கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள். "எல்லாரும் உங்கிட்டயே வந்தாளாடி?" என்று கேட்டாள். அவள் அவ்வளவு ஆசையாக என்னை ஒன்று கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

"எல்லாரும் வந்தா. ஒருத்தர்தான் வரலை."

"யாரு?"

"என்னை யாருன்னு தெரிஞ்சவா."

அம்மா கால் அலம்ப எனக்குத் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.